நிஷித் லாஹிரியின் முதுகு

நிஷித் லாஹிரி வங்காளத்தில் தொண்ணூறு படங்களுக்கு மேல் நடித்தவர். தமிழில் அவர் ஒரு சொல் பேசியதில்லை. ஆனாலும் தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை காலை டிவி முன்னால் உட்கார்ந்த எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் அவர் குரல் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடும். கொஞ்சம் கரகரப்பு. வாக்கியம் முடிகிற இடத்தில் ஒரு படி இறங்கி நிற்கும். பக்கத்து அறையிலிருந்து கேட்டாலே, "ஸ்டேஷன் மாஸ்டர் பேசறார், வா வா" என்று ஓடிவரச் செய்கிற குரல்.

அது சடகோபனுடைய குரல். எழுபத்து மூன்று வயது. சிட்னியில், வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிட நடையில், மகள் பிரவீணாவின் இரண்டாம் மாடி வீட்டில் இருக்கிறார். அந்தக் குரல் மட்டும் இப்போது அவரிடம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் புற்றுநோய் என்று குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குழியில் ஒரு துளை வழியாக மூச்சு விடுகிறார். பேச வேண்டுமானால் சின்ன டார்ச் லைட் போன்ற ஒரு கருவியைத் தாடைக்குக் கீழே வைத்து அழுத்த வேண்டும். அது ரீங்கரிக்கும், வாயசைவில் வார்த்தையாகும். கோபம், கொஞ்சல், கேலி எல்லாம் ஒரே சத்தம்தான்.

எழுபத்து நான்கில், மன்னார்குடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு நடிக்கத்தான் மெட்ராஸ் வந்தார். ஒரு கம்பெனி மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முகம் வேண்டாம் தம்பி, குரல் இருக்கு, அதைக் கொண்டு போய்க் குடு" என்று டப்பிங் தியேட்டருக்கு அனுப்பினார். முதல் எட்டு வருடம் கூட்டத்துக்குக் குரல். ஐந்தாறு பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று ஐந்நூறு பேராக வேண்டும். "அடிடா அவனை", "கத்திரிக்கா கிலோ என்ன", "தலைவர் வாழ்க". ஒரு நாளைக்கு மூன்று கலவரம், இரண்டு சந்தை, ஒரு கல்யாணம் என்று முடித்துவிட்டு வந்து சாப்பிட உட்காருவார்.

"அங்க ஐந்நூறு பேரா கத்திட்டு வரார். வீட்டுக்கு வந்தா ஒரு ஆள் பேசற அளவுக்குக்கூடப் பேச மாட்டேங்கறார்" என்பாள் மனைவி விஜயா.

பிறகு தனிக் குரலாக உயர்ந்தார். போலீஸ் இன்ஸ்பெக்டர், வில்லனின் மாமா, பேசுகிற யானை. தொண்ணூற்று இரண்டில் அந்த இந்தித் தொடர் வந்தது. ஏதோ ஒரு மலைச்சரிவில் சின்ன ரயில்வே ஸ்டேஷன், அங்கே ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், அவர் குடும்பம். ஸ்டேஷன் மாஸ்டராக நடித்தவர் கல்கத்தாக்காரர், நிஷித் லாஹிரி.

டப்பிங் பேசுகிறவர்கள் நடிகரின் உதட்டைப் பார்ப்பார்கள். உதடு திறக்கும்போது ஆரம்பித்து, மூடும்போது முடித்துவிட்டால் வேலை முடிந்தது. சடகோபன் உதட்டைப் பார்ப்பதில்லை. தோளையும் காறை எலும்பையும் பார்ப்பார். ஆள் எங்கே மூச்சு வாங்குகிறான் என்று பேப்பரில் சின்னக் கோடு போட்டுக்கொள்வார். அதே இடத்தில் தானும் வாங்குவார். மூச்சு சேர்ந்துவிட்டால் உதடு தானாகச் சேர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு.

நிஷித் லாஹிரியின் மூச்சு அவருக்கு ஒரு மாதத்தில் மனப்பாடம். நீளமான வசனத்துக்கு முன்னால் மூக்கால் ஒரு குட்டி மூச்சு. பொய் சொல்லும் காட்சியில் மூச்சே கிடையாது. இழுக்கும்போது இடது தோள் வலதைவிட ஒரு மயிரிழை முன்னால் எழும். அது ஏன் என்று சடகோபன் ரொம்ப நாள் யோசித்தார். பிறகு ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்தார்: கிருஷ்ணநகரில், ஹோமியோபதிக் கம்பவுண்டரின் மகனாகப் பிறந்த நிஷித், பத்து வயதில் மாமரத்திலிருந்து விழுந்து வலது தோளை உடைத்துக்கொண்டவர். பத்திரிகையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினார் சடகோபன். "நான் சொன்னேன் பார்த்தியா!"

"என்ன சொன்னேள்? யார்கிட்ட?" என்றாள் விஜயா.

அந்தப் பத்திரிகையிலிருந்துதான் மீதிக் கதையும் தெரிந்தது. துறைமுக ஆபீசில் குமாஸ்தா. சாயங்காலம் நாடகம். முதல் படத்தில் பிணமாக நடித்தார். மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்த விதத்தைப் பார்த்த டைரக்டர், அடுத்த படத்தில் உயிரோடு இருக்கச் சொன்னார். நாற்பது வயதுக்குப் பிறகுதான் புகழ், அதுவும் அப்பா வேஷங்களில். மனைவி மிருணாளினி. ஒரே பையன். இதையெல்லாம் சடகோபன் தன் சொந்தக்காரர் செய்தி மாதிரி எல்லோரிடமும் சொன்னார்.

இருநூற்றுப் பன்னிரண்டு வாரம் ஓடியது தொடர். பிறகு லாஹிரியின் வங்காளப் படங்கள் ஒன்பது தமிழ் டிவிக்கு வந்தன. ஒன்பதுக்கும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். மொத்தம் பதினான்கு வருடம். வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்து தோளை மட்டும் ஏற்றி இறக்கிக்கொண்டிருப்பார். "மறுபடியும் வங்காளியா?" என்று கேட்டுக்கொண்டே விஜயா காப்பியை வைத்துவிட்டுப் போவாள். அந்த வங்காளியை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஒரு முறை கடிதம் எழுதினார். பதில் வரவில்லை.

நூற்று நாற்பத்தெட்டாவது வாரத்தில் ஒரு காட்சி. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிற மகன், அதே ஸ்டேஷனில் யாருக்கும் தெரியாமல் ரயில் ஏறிப்போகிறான். வண்டிக்குக் கொடி காட்டிவிட்டு உள்ளே போன ஸ்டேஷன் மாஸ்டர், விஷயம் தெரிந்து பிளாட்பாரத்துக்குத் திரும்பி வரும்போது வண்டி வளைவில் மறைந்துவிட்டது. காமிராவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பதினோரு செகண்ட். இந்தியிலும் ஒன்றும் பேசவில்லை.

டப்பிங் பொறுப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. "பதினோரு செகண்ட் சும்மா விட்டா ஜனங்க டிவி ரிப்பேர்னு எழுந்து தட்டுவாங்க சார். முதுகுதானே, லிப் கிடையாது. எதையாவது போடுங்க."

அது தொழிலில் வழக்கம்தான். நடிகன் முதுகைக் காட்டினால் அந்த இடம் டப்பிங்காரனுக்குச் சொந்தம். கதையில் விட்டுப்போனது, சென்சாரில் வெட்டுப்பட்டது எல்லாவற்றையும் அங்கேதான் அடைப்பார்கள். எழுதிவைத்த வசனம் எதுவும் இல்லாததால் சடகோபன் திரையைப் பார்த்தபடி தானாகச் சொன்னார்:

"பச்சைக்கொடி காட்டி அனுப்பினதும் இந்தக் கைதானே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டிங் பையன் கண்ணைத் துடைத்தான். ஒரே டேக்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த வரி ஊரெல்லாம் போயிற்று. பெண்ணைப் புக்ககம் அனுப்பிவிட்டு வந்த தகப்பன்கள் சொன்னார்கள். பிள்ளையை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டு விமான நிலையத்தில் சொன்னார்கள். நிஷித் லாஹிரி என்றாலே தமிழர்களுக்கு அந்த வரிதான். சடகோபன் தன் வாழ்க்கையில் சொந்தமாகச் சொன்ன ஒரே வசனமும் அதுதான். முதல் வருடம் பெருமையாக இருந்தது. அப்புறம் எப்போதோ, அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் ஓட்டிப் பார்த்தார். அந்த முதுகு இரண்டு தடவை மூச்சு இழுத்தது. பேச வாயெடுத்து, வேண்டாம் என்று விட்ட மூச்சு. அந்த மனிதர் வேண்டாம் என்று விட்டதை நாம் பேசியிருக்கிறோம். அன்றிலிருந்து யாராவது அந்த வரியைச் சொன்னால் சடகோபன் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

விஜயா போன மறு வருடம் பிரவீணா அவரைச் சிட்னிக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். பரமட்டா பக்கம் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். புற்றுநோயைக் கண்டுபிடித்தது, ஆப்பரேஷன், கதிர்வீச்சு எல்லாம் அங்கேயே நடந்தன. ஆப்பரேஷனுக்கு முந்தின நாள், "அப்பா, எதையாவது ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கலாமா?" என்று மொபைலை நீட்டினாள். "எல்லாம் வங்காளிகிட்ட இருக்கு" என்றார் சடகோபன்.

போன செப்டம்பரில் செய்தி வந்தது. பரமட்டாவில் தெற்காசியப் படவிழா. சிறப்பு விருந்தினர் நிஷித் லாஹிரி, மனைவியோடு வருகிறார். வங்காளிச் சங்கத்துக்காரர்கள் அழைத்திருந்தார்கள். தமிழ்ப் பகுதியை நடத்துகிறவள் சுஜீவா, சமூக வானொலியில் வாரம் ஒரு நிகழ்ச்சி செய்கிறவள். "அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தமிழில குரல் குடுத்தது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. தெரிஞ்சவை சொல்லுங்கோ" என்று வானொலியில் கேட்டாள். பிரவீணா காரை ஓரமாக நிறுத்திவிட்டு வானொலிக்குப் போன் போட்டாள்.

வென்ட்வேர்த்வில் சாப்பாட்டுக்கடை ஒன்றில் சந்தித்தார்கள். சுஜீவா ரோல்ஸ் தட்டை ஒதுக்கிவிட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"அங்கிள், நான் கொழும்பில பள்ளிக்கூடம் போகேக்க பாத்தனான். எங்கட அப்பா என்னை இஞ்ச பிளேன் ஏத்தேக்க அந்த வசனத்தைத்தான் சொன்னவர். ஒருக்கா நீங்கள்..." என்று ஆரம்பித்தவள், அவர் கழுத்துத் துளையை மறைத்திருந்த துணியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, சொறி அங்கிள்."

சடகோபன் கருவியை எடுத்தார். கல்லாவில் இருந்த அம்மாள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பினாள். "அது அவர் வசனம் இல்லை" என்றார். "அவர் சும்மா நின்ன இடம். நான் பேசிட்டேன். மன்னிப்புக் கேக்கணும்."

சுஜீவாவின் கண்கள் விரிந்தன. கூட்டம் எதற்குக் கை தட்டும் என்று தெரிந்த பெண். "அங்கிள், இதை மேடையிலயே கேப்பம்! 'தமிழ்ச் சனம் முப்பது வருசமா உங்கட வசனம் எண்டு சொல்லுது, நீங்கள் அதைச் சொன்னனீங்களோ' எண்டு நான் கேக்கிறன். அவர் என்ன சொல்றார் எண்டு பாப்பம். நீங்கள் மேடைக்கு வாறீங்களோ?"

மேடைக்கு வரமாட்டேன் என்று தலையாட்டினார். விழா முடிந்து உள்ளறையில் பத்து நிமிடம் போதும். கேள்வியைக் கேட்கலாமா என்றதற்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்த மனிதர் என்ன சொல்வார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. "கேளு" என்றார்.

கடிதத்தை நான்கு நாள் எழுதினார். பிரவீணா ஆங்கிலமாக்கித் தட்டச்சு செய்தாள். ஒன்றரைப் பக்கம். உங்கள் மௌனத்தில் நான் பேசிவிட்டேன், மன்னியுங்கள் என்றது. பிறகு தோள், காறை எலும்பு, மாமரம் எல்லாம். கடைசியில்: "உங்கள் மூச்சை உங்களைவிட நான் அறிவேன். நீங்கள் நடிக்கும் மூச்சு எது, உண்மையில் களைத்து வாங்கும் மூச்சு எது என்று இருட்டில்கூடச் சொல்லிவிடுவேன்."

"கொஞ்சம் ஓவரா இல்லைப்பா?" என்றாள் பிரவீணா.

"இருக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் அரங்கம் நிறைந்துவிட்டது. பட்டுப்புடவையும் கம்பளிக் கோட்டுமாக வங்காளிகள் ஒரு பக்கம், தமிழர்கள் இன்னொரு பக்கம். முதல் வரிசை நடுவில் மிருணாளினி, வெள்ளைப் புடவையில் சிவப்புக் கரை. இரண்டாம் வரிசை ஓரத்தில் சடகோபனும் பிரவீணாவும். உட்கார்ந்ததும் கருவியை அணைத்து மகளிடம் கொடுத்தார்.

"ஏம்ப்பா?"

அவர் கையால் காட்டினார்: உன் பைக்குள் போடு. அந்த மனிதர் காதில் என் குரலாக முதலில் இந்த ரீங்காரம் விழக்கூடாது. முதலில் கடிதம். அவர் படித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரவீணாவுக்குப் புரிந்தது. கருவியைக் கைப்பைக்குள் போட்டு, பையை நாற்காலிக்குக் கீழே தள்ளினாள்.

நிஷித் லாஹிரி வந்தார். எழுபத்தாறு வயது. திரையில் இருந்ததைவிடச் சின்ன உருவம். "நிஷித்தா! நிஷித்தா!" என்று அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டு வங்காளிகள் எழுந்து நின்றார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மைக்கைச் சரிசெய்தபோது இடது தோள் முன்னால் எழுந்தது. சடகோபனின் இடது தோளும் எழுந்தது. பதினான்கு வருடப் பழக்கம் பதினைந்து அடி தூரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் சிரித்தால் இவருக்கு மூச்சு உதிர்ந்தது. அவர் நிறுத்தினால் இவர் நிறுத்தினார். இத்தனை சந்தோஷமாக அப்பாவைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று பிரவீணா நினைத்தாள்.

முக்கால் மணி நேரம் போயிற்று. சுஜீவா மைக்கை எடுத்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள், வசனத்தைத் தமிழில் சொன்னாள். தமிழர் பக்கம் முழுவதும் அவளோடு சேர்ந்து சொல்லிற்று, நானூறு பேர், ஒரே குரலில்: "பச்சைக்கொடி காட்டி அனுப்பினதும் இந்தக் கைதானே." சடகோபன் மடியைப் பார்த்துக்கொண்டார்.

லாஹிரி மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "நல்ல வசனம்," என்றார். "ஆனால் நான் அந்தக் காட்சியில் ஒன்றுமே சொல்லவில்லையே." அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்தார். "டைரக்டர் ஒரு பக்கம் வசனம் கொடுத்தார். முடியாது என்றேன். இரண்டு நாள் சண்டை. பிள்ளை போய்விட்டான், அந்த ஆள் என்ன பேசுவான்? என் அப்பா செத்த அன்று நான் என்ன பேசினேன்? அப்படி ஒரு தடவை நிற்பதற்காகத்தான் அந்தத் தொடரில் நடித்தேன் என்றுகூடச் சொல்வேன்."

சடகோபன் சட்டைப் பையில் கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"செய்து காட்டட்டுமா?" என்றார் லாஹிரி.

கூட்டம் ஆர்ப்பரித்தது. அவர் எழுந்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நான்கு அடி நடந்து, முதுகைக் காட்டி நின்றார். அரங்கம் அப்படியே அடங்கியது. எண்ணூறு பேரும் ஒரு முதுகைப் பார்த்தார்கள்.

முதல் மூச்சு பழைய மூச்சு. இடது தோள், பிறகு வலது. இரண்டாவது வரவேண்டிய இடத்தில் வரவில்லை. வந்தபோது மூன்று துண்டாக வந்தது. இரண்டு தோளும் ஒரே சமயத்தில் காது வரை ஏறின. இறங்கவில்லை. இடது கை நாற்காலி முதுகைத் தேடிப் பிடித்தது. பதினோரு செகண்ட் தாண்டிவிட்டது. இருபது ஆயிற்று. எங்கோ ஒரு பெண் விசும்பினாள். என்ன நடிப்பு என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார்.

அது நடிப்பு இல்லை. இந்த மூச்சு அந்த மனிதரிடம் கிடையவே கிடையாது. தொண்ணூறு படத்திலும் இல்லை.

சடகோபன் எழுந்தார். கத்த வாயைத் திறந்தார். கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. இவருடைய மூச்சும் அதற்குள் அந்த முதுகோடு போய்விட்டிருந்தது. துண்டு துண்டாக இழுத்தது, கண் இருட்டிற்று. முன் நாற்காலியைப் பிடிக்கப் போய் அதன் மேலேயே சாய்ந்தார்.

"அப்பா!"

நர்ஸின் கைகள் ஒரு நொடியில் அவரைப் பிடித்துக்கொண்டன. "எனக்கில்லை, அவருக்கு" என்று சத்தமில்லாமல் வாயசைத்து மேடையைக் காட்டினார். கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். "பாக்கலாம்ப்பா, பாக்கலாம், அவர் எங்கயும் போகலை, முதல்ல வெளில காத்தா உக்காருங்க" என்று பிரவீணா அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். இரண்டு பக்கத்திலிருந்தும் டாக்டர்கள் எழுந்தார்கள். பரமட்டாவில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் மயங்கி விழுவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நாலு பேர் ஓடிவந்தார்கள், நாலு பேரும் சடகோபனிடம். ஓட்டமும் நடையுமாக அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். கருவி இருந்த பை நாற்காலிக்குக் கீழேயே கிடந்தது.

கதவு மூடும்போது பின்னால் கைதட்டல் இடிபோலக் கேட்டது.

வெளியே முதலுதவிக்கு நின்ற ஒரு பெண் பதற்றத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை அவர் வாயில் வைத்து அழுத்தினாள். "வாயில இல்லை, கழுத்துல, கழுத்துல!" என்று பிரவீணா பிடுங்கிக் கழுத்தில் வைத்தாள். அவர் அதைத் தள்ளிவிட்டு மறுபடி கதவைக் காட்டினார். தரையில் விரலால் ஏதோ எழுதப் பார்த்தார். "ரொம்ப எமோஷனல் ஆயிட்டார்," என்றார் டாக்டர்களில் ஒருவர். "பல்ஸ் சரியாத்தான் இருக்கு. அவரோட ஹீரோ இல்லையா." பிரவீணாவும் அப்படித்தான் நினைத்தாள்.

உள்ளே நிஷித் லாஹிரி திரும்பி, சிரித்து, கைகூப்பி, உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பூச்செண்டு வாங்கிக்கொண்டார். உள்ளறைக்குப் போய், ஷூவைக் கழற்றுகிறேன் என்று குனிந்தவர் எழவில்லை. அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இறந்தார்.

பிரவீணா அந்தச் செய்தியை அப்பாவிடம் சொன்னபோது அவர் கருவியைக் கழுத்தில் வைத்து, தான் பார்த்ததைச் சொன்னார். இரண்டு தோளும் சேர்ந்து எழுந்தது. இறங்காதது. கை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவள் வேலை பார்ப்பது இதய வார்டில். அந்த இருபது நிமிடத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"நான்தானேப்பா உங்க கையைப் பிடிச்சு இறக்கினேன்," என்றாள்.

இல்லை என்று தலையாட்டினார். கருவியைத் தூக்கிக் காட்டினார்: இதை உள்ளே போடச் சொன்னது நான். அவள் பார்க்கவில்லை. வாஷிங் மெஷின் இருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கையில் மடித்த துணிகள் இருந்தன.

மேடையின் வீடியோ அதற்குள் உலகம் முழுக்கப் போய்விட்டது. ஐம்பது செகண்ட் முதுகு. கலைஞனின் கடைசி நடிப்பு என்று லட்சக்கணக்கில் பார்த்தார்கள். கல்கத்தா டிவிக்காரர்கள் இசை சேர்த்துப் போட்டார்கள்.

உடலை ஊருக்குக் கொண்டுபோகிற காகிதங்கள் நான்கு நாள் எடுத்தன. வியாழக்கிழமை மதியம் சுஜீவா போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. "பிரவீணா அக்கா, அவரிட மனிசி அங்கிளைப் பாக்கோணுமாம். நான் அவவிட்ட எல்லாம் சொன்னனான். எனக்கு முகம் குடுக்கேலாமக் கிடக்கு. நான் கேட்டிருக்கக் கூடாது அந்தக் கேள்வியை."

பரமட்டாவில் ஆற்றைப் பார்த்த ஒரு வாடகைக் குடியிருப்பு. மிருணாளினி தானே கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லிவிட்டு டீ போட எழுந்தார், போடாமலேயே திரும்பி வந்து உட்கார்ந்தார். சடகோபன் என்ன சொல்வதென்று தெரியாமல் கடிதத்தை நீட்டினார். அவருக்கு எழுதியது, இனி யாரிடம் கொடுப்பது. மிருணாளினி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றரைப் பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். மாமரம் வந்த இடத்தில் லேசாகச் சிரித்தார். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தார் என்பது தெரிந்தது.

"அப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்," என்றார் ஆங்கிலத்தில்.

சடகோபன் நிமிர்ந்தார்.

"நான் முதல் வரிசையில் இருந்தேன். கை தட்டினேன். எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று தட்டினேன். நாற்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் படுத்திருந்தவள்." கடிதத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் தடவிச் சுருக்கம் எடுத்தார். சுருக்கமே இல்லை. "மூச்சு வாங்குகிறதென்று காலையிலேயே சொன்னார். நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாம், இன்று ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று நான்தான் சட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த மேடையில் நின்றாரே, அது நடிப்புதானா? உண்மையைச் சொல்லுங்கள். உங்களைத் தவிர யாரிடமும் இதைக் கேட்க முடியாது."

ஜன்னல் பக்கம் நின்றிருந்த பிரவீணா ஆற்றின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சடகோபன் கருவியைத் தாடைக்குக் கீழே வைத்தார். பழைய குரலாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. எங்காவது ஒரு மூச்சு காட்டிக்கொடுத்திருக்கும்.

"நடிப்பு," என்றார்.

"நிச்சயமாக?"

"நடிப்புதான். அவர் செய்ததிலேயே சிறந்தது."

மிருணாளினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அழுதார். நான்கு நாளில் இப்போதுதான் அழுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. சடகோபன் கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எழுந்து கிளம்பிவிடலாமா என்று மகளைப் பார்த்தார். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

மிருணாளினி கண்ணைத் துடைத்துவிட்டு மேஜையிலிருந்த போனை எடுத்தார்.

"என் பையன் டொராண்டோவில் டாக்டர். நேராகக் கல்கத்தா வருகிறான். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான். இது நடிப்பு இல்லை அம்மா, அங்கே ஒருத்தருக்குமா தெரியவில்லை என்கிறான். மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை." எண்ணை அழுத்திவிட்டார். "நான் சொன்னால் நம்ப மாட்டான். நீங்கள் சொல்லுங்கள்."

திரையில் நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் வந்தார். சவரம் செய்யாத முகம், அப்பாவின் நெற்றி. அம்மாவோடு வங்காள மொழியில் ஏதோ பேசினார், பிறகு போனை நெருக்கமாகப் பிடித்து, காத்திருந்தார். மிருணாளினி போனைச் சடகோபனின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சடகோபன் கருவியை எடுத்து அதையே சொன்னார்.

"புரியவில்லை," என்றார் அந்த மகன். "இன்னொரு தடவை சொல்லுங்கள்."

இன்னொரு தடவை சொன்னார்.